பச்சை அம்பு மூக்குக்காரி

மொடக்காட்டு லைன் வீடுகளுக்கு மீன்களைப் பாதமாகக் கொண்ட ஒரு பெண் வந்து சேர்ந்த காலையில் அவளைப் பார்த்து யாரும் வாய் பிளக்கவில்லை, ஏனென்றால் அது தண்ணீர் வரும் நாள், தண்ணீர் வரும் நாளில் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பின்னால் நிற்பவள் தன் குடத்தை முன்னால் நகர்த்திவிடுவாள். ஆகவே எல்லோரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள், அவள் கையில் குடம் இல்லை என்பதைக் கவனித்தார்கள், குடம் இல்லாமல் வரிசையில் நிற்கிறவள் வேறு எதற்கோ வந்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகப்படுவது அங்கே புதிதில்லை. திருப்பூரின் ஓரத்தில், பனியன் கம்பெனிகளுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழ்கிற ஜனங்கள் அவர்கள். பக்கத்து வீட்டில் பருப்புத் தாளிக்கிற வாசம் வந்தால் ‘இவளுக்கு இன்றைக்கு என்ன விசேஷம்’ என்று சந்தேகப்படுவார்கள், வாசம் வராவிட்டால் ‘என்ன நடந்துவிட்டது’ என்று சந்தேகப்படுவார்கள். அவர்கள் எல்லோரிலும் சந்தேகத்தையே பிழைப்பாகக் கொண்டவள் சிந்தாமணி. கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை மேசையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட வேண்டும். மற்ற கம்பெனிகளில் அம்பு சிவப்பாக இருக்கும். அவள் கம்பெனியில் பச்சை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் முந்தானையில், தலைமயிரில், சில நாள் முழங்கையில்கூட ஒரு பச்சை அம்பு ஒட்டியிருக்கும், அவளுடைய நாலு வயது மகள் தன்ஷிகா அதை உரித்து எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வாள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள்; சொன்னவர்கள் யாரும் செக்கிங் டேபிளில் நின்றதில்லை போலிருக்கிறது. அவளுடைய கணவன் ரங்கசாமி லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் எப்போது வருவான் என்று லாரிக்கும் தெரியாது. அதனால் சிந்தாமணிக்கு இந்த உலகத்தில் குறை காணாத பீஸ் என்று ஒன்று இருந்தால் அது தன்ஷிதான்.

மீன்பாதம் கொண்ட அந்தப் பெண்ணின் கதை அங்கன்வாடியில் ஆரம்பித்தது. அமலோற்பவம் டீச்சர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும் கம்பெனிகளில் வெட்டிப்போட்ட ஃப்ளீஸ் துணியைக் கேட்டு வாங்கி, அட்டைகள்மேல் இழுத்து ஒட்டி, பிள்ளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஃபிளானல் போர்டு செய்தார். சூரியன், நிலா, ஓட்டு வீடு, வாழைப்பழம், மீன், பசு என்று அதே துணியில் வெட்டினார். பசை வேண்டாம், ஊசி வேண்டாம். துணியின் சொரசொரப்பைத் துணியே பிடித்துக்கொள்ளும், பிள்ளை ஒட்டும், உரிக்கும், மறுபடி ஒட்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ‘தனி விளையாட்டு நேரம்’ என்று ஒன்றை வைத்தார், அந்த நேரத்தில் பெரியவர்கள் யாரும் பிள்ளைகளிடம் பேசக்கூடாது, என்ன செய்கிறாய் என்று கேட்கக்கூடாது, மாடு மரத்தின் மேல் ஏறினாலும் திருத்தக்கூடாது, அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் பாட்டுக்கு இருக்கும். அங்கன்வாடியிலிருந்து சத்தமே வரவில்லை.

பிள்ளைகள் கத்தினால் தாய்மார்கள் சும்மா இருப்பார்கள், சத்தமில்லை என்றால் எப்படிச் சும்மா இருப்பது? தூங்க வைக்கிற மருந்து எதையோ ஊற்றுகிறார் என்று முதலில் சொன்னவள் மயிலாத்தாள், சிந்தாமணியின் பக்கத்து வீட்டுக்காரி. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மொடக்காட்டு லைன் வீடுகளில் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் வாயைத் திறந்து மோந்து பார்த்தாள். முட்டை வாசம்தான் வந்தது.

சிந்தாமணிக்கு மோந்து பார்த்தது போதவில்லை. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கன்வாடி ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். தன்ஷி முதுகு காட்டாமல் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் தலையைத் திருப்பினால் அம்மா தெரிவாள். அவள் மஞ்சள் நிலாவை எடுத்து வைத்தாள், அதன் கீழே துணி வீட்டிலிருந்து பிய்த்த சிவப்புக் கூரையை வைத்தாள், இரண்டு பக்கமும் இரண்டு வாழைப்பழம், அடியில் இரண்டு மீன். பிறகு மடியிலிருந்து என்னவோ எடுத்து நிலாவின் நடுவில் ஒட்டினாள். சிந்தாமணி ஜன்னல் கம்பியைத் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. “தன்ஷி” என்று மெல்லக் கூப்பிட்டாள். அதற்கும் திரும்பவில்லை.

டீச்சர் எழுந்து வந்தார். “ஏம்மா, இப்பக் கூப்பிடாதீங்க. தனியா விளையாடப் பழகுறது பிள்ளைக்கு நல்லது.”

“என்ற புள்ளயக் கூப்புட நான் உங்களக் கேக்கோணுமுங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தாள். ஆனால் வழியெல்லாம் திரும்பாத அந்தத் தலையையே நினைத்துக்கொண்டு நடந்தாள். அழுதுகொண்டு காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையை உதறிவிட்டு வேலைக்குப் போவது கஷ்டம் என்று இதுவரை நினைத்திருந்தாள். உதற வேண்டியதே இல்லாத பிள்ளையை விட்டுவிட்டு வருவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்தப் பெண் குழாயடிக்கு வந்தாள். முகம் மஞ்சளாக வட்டமாக இருந்தது, கண்ணும் இல்லை வாயும் இல்லை. சேலை இருக்க வேண்டிய இடத்தில் ஓடு ஓடாகக் கோடு போட்ட சிவப்பு. கைகள் இரண்டும் வளைந்து விரலில்லாமல் முடிந்தன. நடக்கும்போது மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் நழுவின. ஆள் உயரம் இருந்தாள், ஆனால் கனம் துணிக்கனம்தான், பக்கவாட்டில் திரும்பினால் வெட்டிய விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. வரிசையில் நின்ற சிந்தாமணியின் கண் பழக்கதோஷத்தில் விளிம்பு மடித்துத் தைக்காததைப் பார்த்தது, நிறத்தின் ஷேடு மாறியிருப்பதைப் பார்த்தது, அப்புறம் அந்தப் பெரிய மஞ்சள் முகத்தின் நடுவில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது. அங்கே ஒரு பச்சை அம்பு ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் வளர்ந்திருந்தது, அது மட்டும் வளரவில்லை, ஏனென்றால் அது துணி இல்லை. மொடக்காட்டு லைன் வீடுகளில் பச்சை அம்பு வருகிற வீடு ஒன்றே ஒன்றுதான். சிந்தாமணி தன் குடத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

லைன் வீட்டில் ஒரு முறை உண்டு. புது முகம் எது வந்தாலும், அது மாமியாரானாலும் ஊரிலிருந்து வேலை தேடி வந்த பங்காளியானாலும், அங்கே குடியிருக்கிற யாராவது ஒருவர் முன்னால் வந்து “எங்க ஆளு” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும், அப்புறம் கேள்வி இல்லை, வரிசையில் இடம் உண்டு, பந்தலில் இலை உண்டு. சொல்ல ஆளில்லாதவர் பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். அதனால் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து, மீன்பாதக்காரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங்கம்மிணி, இது ஆரு வூட்டு ஆளுங்?” என்று பொதுவாகக் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை.

“வாடகைக்கு வர்றப்ப நாலு பேருன்னு சொல்றது, அப்புறம் மாமன் மச்சான் துணி மணியெல்லாம் கொண்டாந்து வெச்சுக்கறது. தண்ணித் தொட்டி என்னத்துக்காகறதுங்?” என்றார். எந்த வீட்டு ஆள் என்று தெரிகிற அன்று அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்தது; அவள் போகவில்லை. போகச் சொல்லவும் ஆளில்லை, ஏனென்றால் போகச் சொல்கிறவளுக்குத்தான் அவள் யாரென்று தெரியும் என்று மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். இப்படியாக அவள் இருந்தாள். டீக்கடையில் அவள் கம்பெனி அனுப்பிய வேவுக்காரி என்றார்கள், ஓட்டுக்கு முன்னால் கணக்கெடுக்க வந்தவள் என்றார்கள், ரங்கசாமி லாரியில் ஏற்றி வந்து இறக்கிவிட்ட வடநாட்டுக்காரி என்றுகூட ஒரு பேச்சு வந்து, அவளுக்கு இடுப்பே இல்லை என்பதால் எடுபடாமல் போனது. மழை வந்தபோது, துணி நனைந்தால் நாற்றமடிக்குமே என்று அவளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து நிறுத்தினார்கள். ரேஷன் கடையில் தங்களுக்குப் பதில் அவளை வரிசையில் நிறுத்திவிட்டு வீட்டு வேலையைப் பார்த்தார்கள், திரும்பி வந்து இடத்தை வாங்கிக்கொண்டு, ‘இவள் இவ்வளவு நல்லவளாக இருப்பானேன்’ என்று அதற்கும் சந்தேகப்பட்டார்கள்.

ஆனால் அவள் வந்த வேலை அதுவல்ல. அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும். ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிற தாய்மார்கள் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நடுவில் இருக்கிற அந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம், பிள்ளைகள் பூட்டிய கதவுகளின் முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டு, அழுது, அழுகை தீர்ந்து தூங்கிப்போகிற நேரம். அந்த நேரத்தில் மீன்பாதக்காரி அங்கன்வாடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் சூரியனையும் பசுவையும் கொண்டுவந்து அவள் சிவப்புச் சேலையில் ஒட்டும், உரிக்கும், மறுபடி ஒட்டும். அவளே ஃபிளானல் போர்டாக இருந்தாள், அதனால் எதை வைத்தாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கமாட்டாள், வாயில்லையே. ஏதாவது ஒரு தாய் தெருமுனையை நெருங்கும்போது பச்சை மூக்கு மட்டும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பும், உடனே அந்தத் தாயின் பிள்ளை எழுந்து செருப்பைத் தேடும். பிறகு பெரியவர்களுக்கும் அது பழகிவிட்டது. “மூக்கு கெழக்க திரும்பிருச்சு, மயிலாத்தா வர்றாளாட்டருக்குது” என்று சொல்லிக்கொண்டு அடுப்பு வேலையைப் பார்த்தார்கள்.

சிந்தாமணிக்கு மட்டும் பழகவில்லை. முன்பெல்லாம் தெருமுனையிலேயே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, இப்போது அம்மா பக்கத்தில் வந்து நின்ற பிறகும் கையிலிருந்த மீனை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு நாள் சோறு ஊட்டும்போது சிந்தாமணி கேட்டாள்.

“கண்ணு, அந்தப் பொம்பள ஆரு?”

“சும்மா ஒருத்தி.”

“அவள என்னன்னு கூப்புடுவே?”

“கூப்புட மாட்டேன். அவதான் இருக்காளே.”

சிந்தாமணிக்கு அதற்கு மேல் ஊட்டக் கை வரவில்லை. அம்மா என்று கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அதட்டியிருப்பாள். கூப்பிடவே தேவையில்லாமல் இருக்கிறவளோடு எந்தத் தாய் போட்டி போட முடியும்? தன் வயிற்றில் பிறந்த பிள்ளை, தான் கம்பெனியில் நிற்கிற நேரத்துக்கெல்லாம் வேறு ஒருத்தியை உண்டாக்கி வைத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள், இனி தான் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தாள், நினைத்து அழுதாள்.

நாச்சிமுத்து விடுவதாக இல்லை. வீடு வீடாகப் போய் எந்தத் துணி, எந்தக் கம்பெனி என்று விசாரித்துக்கொண்டு வந்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது, தாழ்வாரத்தில் தனியாக நின்ற மீன்பாதக்காரியின் முன்னால் சிந்தாமணி நின்றாள். குறையைச் சரிசெய்த பீஸில் அம்பு இருக்கக்கூடாது, ஸ்டிக்கரோடு பெட்டிக்குள் போனால் செக்கிங்காரிக்கு அவமானம்; அந்த வேலையில் ஆயிரம் தடவை செய்ததுதான், நகத்தால் ஓரத்தைத் தூக்கி ஒரே இழுப்பில் உரித்தாள். வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உரிக்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. மஞ்சள் முகம் வெறுமையாக அவளைப் பார்த்தது, பார்க்கக் கண்ணில்லாவிட்டாலும்.

அன்றைக்குக் கம்பெனியில் பீஸ் வரவில்லை என்று நேரத்திலேயே விட்டுவிட்டார்கள். வெயில் இறங்குகிற நேரத்தில் சிந்தாமணி தெருவுக்குள் வந்தபோது அங்கன்வாடிச் சுவரடியில் யாரும் இல்லை. பசு ஒன்று மண்ணில் கிடந்தது. மீன்கள் நழுவிய தடம் கிழக்கே போயிருந்தது, திரும்பி மேற்கே போயிருந்தது, டீக்கடையைச் சுற்றி வந்திருந்தது, அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் செருப்புத் தடங்கள்.

“எனக்கு அப்பவே ரோசனதான்!” என்று மயிலாத்தாள் வயிற்றில் அடித்துக்கொண்டு வந்தாள், காணாமல் போன பிள்ளைகளில் அவள் பேரனும் இருந்தான். நாச்சிமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் போனார். அமலோற்பவம் டீச்சரைச் சுற்றி நின்று, தனியா விளையாடு தனியா விளையாடு என்று பழக்கிக் கொடுத்தது இதற்குத்தானா என்று கேட்டார்கள். டீச்சர் அழுதார். சிந்தாமணி தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு தெருமுனையிலும் மீன்கள் நின்று, சுற்றி, வேறு பக்கம் போயிருந்தன. துணியில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது புரிய நேரமாகவில்லை. மூக்கு போனதும் தாய்மார்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று மீன்பாதக்காரிக்குத் தெரியவில்லை. தெரியாததால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லாப் பக்கமும் தேடிப் போயிருக்கிறாள்.

தடம் வேஸ்ட் குடோனுக்குள் போய் முடிந்தது. கம்பெனிகள் வெட்டிப்போட்ட ஃப்ளீஸ் துணி அங்கே கூரை வரை குவிந்து கிடந்தது, துணியைத் துணி பிடித்துக்கொள்ளும் அல்லவா, அந்தக் குவியலில் முதுகு பட்ட இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு, எழ முடியாமல், மஞ்சள் முகத்தோடு மீன்பாதக்காரி இருந்தாள். அவள் மடியிலும் அவளைச் சுற்றியும் பிள்ளைகள் இருந்தார்கள், ஒன்றுகூட அழவில்லை. கலர் கலராகத் துணித்துண்டுகளை எடுத்து அவள்மேலும் குவியலின்மேலும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. சிந்தாமணி ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

தன்ஷி நெளிந்து இறங்கினாள். “அவ மூக்கக் காணோம்மா. நீ வர்றது தெரியவே இல்ல.”

“நாந்தான் எடுத்தேன் கண்ணு.”

பிள்ளை அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை யாருடையது என்று சிந்தாமணிக்குத் தெரியும். “ஏன் எடுத்தே? நீதானே சொன்னே, அதை ஒட்டுனா அந்தப் பக்கம் பாப்பாங்கன்னு. நீ வர்ற பக்கம் பாக்கத்தான் ஒட்டுனேன்.”

“அவ ஆரு தன்ஷி?”

“நீ வர்ற வரைக்கும் இருக்கறவ” என்றாள் பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

சிந்தாமணி இடுப்பில் செருகியிருந்த அம்பு ஸ்டிக்கர்ச் சுருளை எடுத்தாள். எந்தப் பக்கம் பார்த்து ஒட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுருளைப் பிள்ளையிடம் கொடுத்தாள். தன்ஷி ஒன்றை உரித்து, துணிக்குவியல்மேல் ஏறி, கோணலாக ஒட்டிவிட்டுச் சுருளைத் திருப்பிக் கொடுத்தாள். சிந்தாமணி அதைத் திருத்தவில்லை. பச்சை மூக்கு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மெல்லத் திரும்பி அவளைக் காட்டி நின்றது. இத்தனை வருஷமாகக் குறை இருக்கிற இடத்தில் ஒட்டி வந்த அம்பு தன்னைக் காட்டுகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பிள்ளைகளின் முகத்தில் அப்படி ஒன்றுமில்லை. ஒரு அம்மா வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

“போலாமா?”

“இரும்மா. இதை முடிச்சுட்டு வர்றேன்.”

என்ன செய்கிறாய் என்று கேட்க நாக்கு வரை வந்தது. சிந்தாமணி அதை விழுங்கிக்கொண்டு மீன்பாதக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை விளையாடி முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு முதுகுப்பக்கம் கைவிட்டு, துணி கிழியாமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவளைக் குவியலிலிருந்து உரித்து எடுத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது குழாயில் தண்ணீர் வந்திருந்தது, ஆனால் ஒரு குடமும் நிறையவில்லை, எல்லோரும் லைன் வாசலில் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டார் மேல் போய் விழுந்தன. நாச்சிமுத்து வழியை மறித்து நின்றார். கடைசியாக வந்த மீன்பாதக்காரியின் முகத்தைக் குனிந்து பார்த்தார், கோணலாக ஒட்டியிருந்த பச்சை அம்பைப் பார்த்தார், சிந்தாமணியின் இடுப்பில் இருந்த பச்சைச் சுருளைப் பார்த்தார்.

“இப்பச் சொல்லுங்கம்மிணி. இது ஆரு வூட்டு ஆளுங்?”

“எங்க ஆளுதானுங்க.”

“காலி பண்றதுக்குச் சம்மதமுங்களா?”

“பண்ணச் சொன்னாப் பண்றேனுங்க. ஆனா இவ எங்க ஆளுதான்.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. “எங்க ஆளுன்னா என்ன ஒறவு? அக்காளா, தங்கச்சியா, நங்கையாளா?”

சிந்தாமணி தெரிந்த உறவுமுறைகளையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். மகளின் கை அவள் கையில் இருந்தது. அந்தப் பக்கம் விரலில்லாத வாழைப்பழக் கை மகளின் இன்னொரு கையில் ஒட்டியிருந்தது.

“நான் வர்ற வரைக்கும் இருக்கறவளுங்க” என்றாள்.

கம்பெனி முடிந்து அப்போதுதான் வந்த பெண்கள் தூக்குப்பையை இறக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து அவர்கள் முகங்களைப் பார்த்தார், வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மயிலாத்தாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன்பாதக்காரியை மேலும் கீழும் இன்னொரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் குழாயடிக்குப் போய்த் தன் குடத்தைப் பின்னால் நகர்த்தி, குடமே இல்லாத அவளுக்கு வரிசையில் ஓர் இடம் விட்டாள்.